அத்தியாயம் 4: சுடச் சொன்னது யார்?

வகுப்புக்குள் போனதும் பலகையில் ஒன்றும் எழுதாதீர்கள். "இன்று அமெரிக்கப் புரட்சி" என்றுகூடச் சொல்ல வேண்டாம். பால் ரெவியர் 1770-இல் செதுக்கி அச்சிட்ட படத்தின் நகலை மேசைக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொள்ளுங்கள்.

படத்தில் வலப்பக்கம் சிவப்புக் கோட்டுச் சிப்பாய்கள் அளவெடுத்தது போல ஒரே கோட்டில் நின்று சுடுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் ஓர் அதிகாரி வாளை உயர்த்திப் பிடித்திருக்கிறார். இடப்பக்கம் கண்ணியமாக உடுத்திய நகரத்தார். கையில் ஆயுதம் இல்லை. சிலர் இரத்தம் வழிய விழுந்து கிடக்கிறார்கள். சிப்பாய்களுக்குப் பின்னால் இருக்கும் சுங்க அலுவலகத்தின் மேல் "கசாப்புக்காரன் கூடம்" என்று பொருள்படும் பலகை. கீழே, இதற்கெல்லாம் சம்பந்தமே இல்லாதது போல, ஒரு சின்ன நாய்.

இரண்டு நிமிடத்தில் யாராவது ஒரு பையன் சொல்லிவிடுவான்: "பாவம் சார், சும்மா நின்னவங்களைச் சுட்டுட்டாங்க." அவனை மறுக்காதீர்கள். "இது பகலா, ராத்திரியா?" என்று மட்டும் கேளுங்கள். வானம் வெளுப்பாக இருக்கும். ஆனால் இடது மூலையில் பிறை தெரியும். நிகழ்ச்சி நடந்தது 1770 மார்ச் 5, இரவு 9 மணிக்குப் பிறகு. தெருவில் பனி கிடந்த இரவு அது. படத்தில் பனி எங்கே என்று தேடச் சொல்லுங்கள். இதற்குள் முதுகை நிமிர்த்தி உட்காராத மாணவர் வகுப்பில் இருக்கமாட்டார்.

பாஸ்டன் படுகொலை என்று பாடப்புத்தகம் இரண்டு வரியில் முடித்துவிடும் நிகழ்ச்சி இதுதான். அந்த இரண்டு வரியில் பிழை ஒன்றும் இல்லை; ஐந்து பேர் செத்தது உண்மை. அந்த இரண்டு வரி எங்கிருந்து வந்தது என்று மாணவர்கள் கேட்கும்படி செய்வதற்காகத்தான் இந்த அத்தியாயம்.

எது முதன்மைச் சான்று?

பயிற்சி வகுப்புகளில் நமக்குச் சொல்லிக்கொடுத்த இலக்கணம் எளிது. அந்தக் காலத்திலேயே உண்டான கடிதம், நாட்குறிப்பு, படம், பாத்திரம், எலும்பு எல்லாம் முதன்மைச் சான்று. பின்னால் வந்தவர் அவற்றை ஆராய்ந்து எழுதியது இரண்டாம் நிலைச் சான்று. தேர்வுக்கு இது போதும். வகுப்புக்குப் போதாது. ஏனென்றால் இந்த இலக்கணத்தைக் கற்ற மாணவர் அடுத்த நொடியே "முதன்மைச் சான்று என்றால் உண்மை, இரண்டாம் நிலை என்றால் கொஞ்சம் மட்டம்" என்று முடிவு கட்டிவிடுகிறார்.

ரெவியரின் படம் அதே ஊரில், அதே மாதத்தில் வந்தது. இலக்கணப்படி முதன்மைச் சான்று. ஆனால் அந்தப் படத்தின் மூலம் ஹென்றி பெல்ஹாம் என்ற இளைஞர் வரைந்தது. மார்ச் 29-ஆம் தேதி பெல்ஹாம் ரெவியருக்குக் கடிதம் எழுதி, என் உழைப்பைக் கொள்ளையடித்துவிட்டீர் என்று கொதித்திருக்கிறார். ஆக, நம் கையில் இருப்பது நகலின் நகல். அதுவும் காசுக்கு விற்க அச்சிட்டது. யார் சுடச் சொன்னார் என்று அறிய இதை நம்புவது வீண். ஆனால் "பாஸ்டன் நகரத்து எதிர்ப்பாளர்கள் இந்த நிகழ்ச்சியை ஊர் எப்படி நினைக்க வேண்டும் என்று விரும்பினார்கள்?" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. கேள்வியை மாற்றினால் சான்றின் தகுதியும் மாறிவிடுகிறது.

இதே படியில் ஜான் டிரம்புல் வரைந்த சுதந்திரப் பிரகடன ஓவியத்தையும் வைக்கலாம். வாஷிங்டன் கேபிடல் கட்டடத்தில் தொங்கும் அந்த ஓவியத்தைப் பார்த்து, ஜூலை 4 அன்று எல்லாரும் கூடிக் கையெழுத்திட்ட காட்சி என்று பலரும் நினைக்கிறார்கள். அது காட்டுவது வரைவுக் குழு ஜூன் 28 அன்று வரைவைச் சமர்ப்பித்ததை. சுதந்திரத்துக்கு வாக்களித்தது ஜூலை 2. வாசகத்தை ஏற்றது ஜூலை 4. பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2. ஜூலை 2-ஆம் நாளைத்தான் வருங்காலத் தலைமுறை கொண்டாடும் என்று ஜான் ஆடம்ஸ் மறுநாளே மனைவிக்கு எழுதினார்! 1776-ஐப் பற்றிக் கேட்டால் டிரம்புல் இரண்டாம் நிலை. தங்கள் தொடக்கத்தை அமெரிக்கர்கள் பின்னால் எப்படி நினைத்துப் பார்த்தார்கள் என்று கேட்டால் அவரே முதன்மைச் சான்று.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு குறள் நினைவுக்கு வரும். பலகையில் எழுதிவிடாதீர்கள். எழுதினால் பாடம் முடிந்துவிட்டது என்று மாணவர்கள் நோட்டை மூடிவிடுவார்கள்.

ஒரே மனிதர், இரண்டு கடிதங்கள்

படத்தில் வாளோடு நிற்கும் அதிகாரி கேப்டன் தாமஸ் பிரெஸ்டன். அவரை அன்று இரவே கைது செய்து சிறையில் அடைத்தார்கள். சிறையிலிருந்து அவர் எழுதியவை இரண்டு நம்மிடம் இருக்கின்றன. ஒன்று மார்ச் 12-ஆம் தேதி உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த சிறு குறிப்பு. தன் விஷயத்தில் நியாயமாக நடந்துகொண்ட பாஸ்டன் மக்களுக்கு நன்றி சொல்கிறது. இன்னொன்று லண்டனுக்கு அனுப்பிய நீண்ட வாக்குமூலம். அதில் இதே பாஸ்டன்காரர்கள் படையை எப்படியெல்லாம் வம்புக்கு இழுத்தார்கள் என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறார். லண்டனில் அச்சான அந்த வாக்குமூலம் கோடையில் பாஸ்டனுக்குத் திரும்பி வந்தபோது ஊர் பட்ட ஆத்திரத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டையும் அருகருகே கொடுங்கள். "எது பொய்?" என்று கேட்காதீர்கள். "எது யார் கண்ணுக்காக எழுதியது?" என்று கேளுங்கள். உள்ளூர்ச் சிறையில் இருப்பவன் உள்ளூர் மக்களிடம் பேசும் பேச்சும், மேலதிகாரிகளிடம் பேசும் பேச்சும் ஒன்றாகவா இருக்கும்? மாணவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். அப்பாவிடம் சொன்ன காரணமும் ஆசிரியரிடம் சொன்ன காரணமும் வேறாக இருந்த நாள் யார் வாழ்க்கையில் இல்லை?

எதிர்ப்பக்கச் சான்றும் வேண்டும். நகரசபை உடனே 96 வாக்குமூலங்களைத் திரட்டிப் புத்தகமாகப் போட்டது. பிரெஸ்டனே சுடச் சொன்னதைக் காதால் கேட்டோம் என்றவர்கள் அதில் உண்டு. அரசுத் தரப்பு தன் பங்குக்கு வேறு வாக்குமூலங்களைத் தொகுத்து லண்டனில் ஒரு சிறு நூல் வெளியிட்டது. முதல் நூலின் தலைப்பில் "கொடூரப் படுகொலை" என்று இருக்கும். இரண்டாவதன் தலைப்பில் "வருந்தத்தக்க கலவரம்". நம் பாடப்புத்தகம் "படுகொலை" என்ற சொல்லை எடுத்துக்கொண்டிருக்கிறது என்றால், தெரிந்தோ தெரியாமலோ ஒரு கட்சியின் பெயரை எடுத்துக்கொண்டிருக்கிறது. அதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.

இந்த 96-இலிருந்து ஒன்றோ இரண்டோ போதும். நான் முதன்முதலில் இந்தப் பாடத்தை நடத்தியபோது பதினொரு சான்றுகளை ஜெராக்ஸ் எடுத்து, நூல் கட்டிக் கொண்டுபோனேன். நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளையில் முப்பது நிமிடம் தாளைப் பங்கிடுவதிலும், "சார், எனக்கு ஏழாம் நம்பர் வரல" என்பதிலும் போயிற்று. அடுத்த ஆண்டு மூன்று சான்றுகளாகக் குறைத்தேன். இப்போது முதல் நாள் படமும் பிரெஸ்டனும் மட்டுமே; எதிர்ச்சாட்சி இரண்டாம் நாள். ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இருந்தால் படத்தை விடாதீர்கள். வாக்குமூலத்தைப் பத்து வரியாகச் சுருக்கிவிடுங்கள்.

கத்தரிக்கும்போது கவனம்

பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலம் நம் மாணவர்களுக்குக் கல்லுடைப்பது போல. ஒரு வாக்கியம் அரைப் பக்கம் ஓடும். சொல்லின் நடுவில் வரும் எஸ் எழுத்து எஃப் போலவே அச்சாகியிருக்கும். ஆகவே நீங்களே தமிழில் 150 சொற்களுக்குள் ஒரு வடிவம் எழுதிக்கொள்ள வேண்டும். அடியில் மூல அச்சின் இரண்டு வரியை அப்படியே ஒட்டிக் கொடுங்கள். அந்த எஃப் போன்ற எஸ்ஸைக் கண்டதும் இது வேறொரு காலத்துத் தாள் என்ற உணர்வு வந்துவிடும். அந்த உணர்வை எந்த விளக்கமும் தராது.

ஆனால் மொழிபெயர்க்கிற கை தீர்ப்பும் எழுதிவிடும். தெருவில் திரண்டவர்களை பிரெஸ்டன் "மாப்" என்கிறார். அதை "மக்கள்" என்று போட்டால் அவர்கள் நல்லவர்கள்; "கும்பல்" என்று போட்டால் ரவுடிகள்; "கூட்டம்" என்றால் நீங்கள் நழுவிக்கொண்டீர்கள். நான் "கும்பல்" என்று எழுதி, அடியில் "இது பிரெஸ்டனின் சொல்" என்று குறித்துவிடுகிறேன்.

இதைவிடச் சிக்கலான சொல் ஒன்று உண்டு: "ஃபயர்". அன்று இரவு தேவாலய மணிகள் அடித்தன. அந்த ஊரில் இரவில் மணி அடித்தால் எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று பொருள். தீயணைக்க வாளியோடு ஓடிவந்தவர்களும் தெருவில் இருந்தார்கள். "தீ" என்பதற்கும் "சுடு" என்பதற்கும் ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல்தான். இது போதாதென்று, சிப்பாய்களைச் சீண்டிக்கொண்டிருந்தவர்களும் "தைரியம் இருந்தால் சுடு பார்க்கலாம்" என்று அதே சொல்லைச் சொல்லிக் கத்தினார்கள். "ஃபயர் என்று கேட்டேன்" என்று ஒரு சாட்சி சொன்னால், அவர் கேட்டது கட்டளையா, தீயின் கூச்சலா, கேலியா? தமிழில் "சுடு என்று கேட்டேன்" என்று மொழிபெயர்த்துவிட்டால் இந்த வழக்கின் முடிச்சே அவிழ்ந்துபோகும். இந்த ஒரு சொல்லை மட்டும் மொழிபெயர்க்காமல் விட்டுவிடுங்கள்.

பின்னணியைப் பலகையில் ஐந்து வரியில் போடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். சுங்க வரி எதிர்ப்பை அடக்க 1768 அக்டோபரில் படை வந்திறங்கியது. ஏறத்தாழ பதினைந்தாயிரம் பேர் வாழ்ந்த ஊரில் தெருவுக்குத் தெரு சிப்பாய். சம்பளம் போதாத சிப்பாய்கள் ஓய்வு நேரத்தில் குறைந்த கூலிக்கு வேலை தேடியதால் உள்ளூர்த் தொழிலாளர்களுக்கு எரிச்சல். 1770 பிப்ரவரி 22 அன்று சுங்கத்துறையோடு தொடர்புடைய ஒருவர் சுட்டதில் கிறிஸ்டோபர் சைடர் என்ற சிறுவன் இறந்தான். மார்ச் 2 அன்று கயிறு திரிக்கும் பட்டறை ஒன்றில் தொழிலாளர்களுக்கும் சிப்பாய்களுக்கும் அடிதடி. மூன்று நாள் கழித்துச் சுட்ட சிப்பாய்களில் ஒருவரும், செத்தவர்களில் ஒருவரும் அந்த அடிதடியில் இருந்தவர்கள்.

நீதிமன்றத்துக்குப் போங்கள்

இரண்டாம் நாள் வகுப்பை நீதிமன்றமாக்கலாம். உடை, மேடை எதுவும் வேண்டாம். சிப்பாய்களுக்காக வாதாடியவர் பிற்காலத்தில் அமெரிக்காவின் இரண்டாவது குடியரசுத் தலைவராகப் போகும் ஜான் ஆடம்ஸ் என்ற செய்தியே வகுப்பைப் பிடித்து நிறுத்தும்.

சாட்சிகள் ஒருவருக்கொருவர் முரண்பட்டார்கள். கட்டளை கொடுத்த அதிகாரி சிவப்புக் கோட்டில் இருந்தார் என்றார் ஒருவர். மங்கிய நிற மேல்கோட்டு போட்டிருந்தார் என்றார் இன்னொருவர். இருவரும் பொய் சொல்லவேண்டிய அவசியமில்லை. இருட்டு, கூச்சல், பனிக்கட்டி வீச்சு. ஆனால் ரிச்சர்ட் பாம்ஸ் என்ற வணிகரின் சாட்சியத்தைத் தவறாமல் கொடுங்கள். அவர் படைக்கு வேண்டியவர் அல்லர், எதிர்த்தரப்பு ஆள். முதல் குண்டு வெடித்தபோது பிரெஸ்டனின் தோளில் கைவைத்துப் பேசிக்கொண்டிருந்ததாகவும், சுடச் சொல்லும் எண்ணமில்லை என்று அவர் பதில் சொன்னதாகவும், "ஃபயர்" என்றது யாரென்று தனக்குத் தெரியாது என்றும் அவர் சொன்னார். பிரெஸ்டன் தன் வாக்குமூலத்தில் சொன்னதும் இதுதான்: நான் துப்பாக்கிகளுக்கு முன்னால் நின்றேன், சுடச் சொன்னால் நானல்லவா சாவேன்? பகையாளியின் வாயிலிருந்து வரும் ஒத்த சாட்சிக்கு எடை அதிகம் என்பதை மாணவர்கள் இங்கே தாமாகவே பிடித்துக்கொள்வார்கள். பிறகு படத்தைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். படத்தில் பிரெஸ்டன் எங்கே நிற்கிறார்? பின்னால்.

படத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. சுங்க அலுவலகத்தின் மாடி ஜன்னலிலிருந்து புகை வரும். அங்கிருந்தும் யாரோ சுட்டதாகக் காட்டியிருக்கிறார்கள். அதற்காக நான்கு பேர்மீது தனி வழக்கு நடந்தது. முக்கியச் சாட்சி ஒரு வேலைக்காரப் பையன். நால்வரும் விடுதலையானார்கள், பொய்ச்சாட்சி சொன்னதற்காக அந்தப் பையன் தண்டனை பெற்றான். ரெவியரின் படத்தில் அந்தப் புகை மட்டும் இன்றுவரை வந்துகொண்டிருக்கிறது.

மரணவாக்கும் ஒன்று இருக்கிறது. குண்டடிபட்டு ஒன்பது நாள் உயிரோடிருந்த பேட்ரிக் கார் என்ற அயர்லாந்துக்காரர், சிப்பாய்கள் தற்காப்புக்காகவே சுட்டார்கள் என்று நம்புவதாகவும், தன்னைச் சுட்டவன்மேல் தனக்கு வன்மம் இல்லை என்றும் மருத்துவரிடம் சொன்னார். மருத்துவர் அதை நீதிமன்றத்தில் சொன்னார். இது முதன்மைச் சான்றா? காரின் சொல்தான், வந்தது மருத்துவரின் வாய்வழி. வகுப்பு இரண்டுபட்டுச் சண்டை போடும். போடட்டும்.

இரண்டாம் நிலை நூலை எப்போது கொடுப்பது?

கேள்வி பிறந்த பிறகு. முதலிலேயே கொடுத்தால் அது விடைநூலாகிவிடும். கடைசிவரை கொடுக்காவிட்டால் மாணவர்கள் மூன்று தாளை வைத்துக்கொண்டு தாங்களே வரலாற்றாசிரியர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். இரண்டாவது ஆபத்து இப்போது அதிகம். முதன்மைச் சான்று மோகத்தில் பாடப்புத்தகத்தையே தூக்கி எறியச் சொல்லும் ஆசிரியர்களை எனக்குத் தெரியும். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வாக்குமூலங்கள் அத்தனையையும் படித்து, யார் யாருக்கு உறவு, யார் யாரிடம் கடன் பட்டவர் என்று பல ஆண்டுகள் தேடியவரின் தீர்ப்புக்கு ஒரு மதிப்பு இருக்கத்தான் வேண்டும்.

இந்த நிகழ்ச்சிக்கு இரண்டு நூல்கள் நல்ல ஜோடி. ஹில்லர் ஜோபெல் 1970-இல் எழுதியது ஒன்று; சட்டம் படித்தவர், ஆகவே வழக்கும் தெருக்கலவரமும் அவர் கண்ணில் பெரிதாகத் தெரிகின்றன. செரீனா ஜாபின் 2020-இல் எழுதியது இன்னொன்று. அவர் கேட்டது வேறு கேள்வி. அந்தப் படையோடு மனைவிகளும் குழந்தைகளும் வந்திருந்தார்கள், சிப்பாய்கள் பாஸ்டன் பெண்களை மணந்தார்கள், ஊரார் அவர்களுக்கு அண்டைவீட்டுக்காரர்களாக இருந்தார்கள். பிறகு எப்படி இவ்வளவு பகை வந்தது? சான்றுகள் பெரும்பாலும் பழையவையே. ஐம்பது ஆண்டுக்குப் பின் கேள்வி மாறியதால் கதை மாறியது. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பத்தி தமிழில் தந்தால் போதும்.

சாம் வைன்பர்க் என்ற கல்வி ஆய்வாளர் 1991-இல் வெளியிட்ட ஆய்வில் 8 வரலாற்றாசிரியர்களையும் 8 பள்ளி மாணவர்களையும் லெக்சிங்டன் சண்டை பற்றிய ஆவணங்களைச் சத்தமாகச் சிந்தித்தபடி படிக்கச் சொன்னார். வரலாற்றாசிரியர்களின் கண் முதலில் அடியில் இருந்த பெயருக்கும் தேதிக்கும் போனது. மாணவர்கள் முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரியில் முடித்தார்கள். நீங்கள் தயாரிக்கும் தாளில் எழுதியவர் பெயரையும் தேதியையும் எங்கே போடுவீர்கள் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். நான் அடியில்தான் போடுகிறேன், தேடட்டும்.

அட்டக்ஸைத் தேடிப் போனால்

செத்த ஐவரில் கிறிஸ்பஸ் அட்டக்ஸ் ஆப்பிரிக்க, பழங்குடி வழிவந்தவர். ரெவியரின் வண்ணப்படத்தில் விழுந்து கிடக்கும் எல்லாரும் வெள்ளையராகவே தெரிகிறார்கள். 1856-இல், அடிமை ஒழிப்பு இயக்கம் உச்சத்தில் இருந்தபோது, இதே காட்சியை வேறொருவர் அச்சிட்டார். அதில் அட்டக்ஸ் படத்தின் நடுவில் நிற்கிறார். இரண்டு படங்களையும் அருகருகே வைத்துவிட்டு நீங்கள் வாயைத் திறக்கவே வேண்டாம்.

அவரைப் பற்றி இன்னொரு தாள் இருக்கிறது. 1750-இல் ஃப்ராமிங்ஹாம் ஊரைச் சேர்ந்த ஒருவர், ஓடிப்போன தன் அடிமையைப் பிடித்துத் தருவோருக்கு 10 பவுன் பரிசு என்று பாஸ்டன் பத்திரிகையில் விளம்பரம் செய்தார். பெயர் கிறிஸ்பஸ், வயது 27, உயரம் 6 அடி 2 அங்குலம். அவரே இவர் என்று பல வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள்.

ஓடிப்போனவர்களைத் தேடும் இந்த விளம்பரங்கள் ஆசிரியருக்குப் புதையல். எழுதியவர் எஜமான், நோக்கம் பிடிப்பது. ஆனால் பிடிக்க வேண்டுமென்றால் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் என்ன தொழில் தெரிந்தவர், எப்படிப் பேசுவார், என்ன உடுத்தியிருந்தார், உடம்பில் என்ன தழும்பு என்று எழுதவேண்டி வருகிறது. அடிமைகளுக்குச் சொந்த வாழ்க்கை இல்லை என்று சொன்ன சமூகம், அவர்கள் ஓடியதும் அந்த வாழ்க்கையை வரி வரியாக அச்சிட்டது. 1769 செப்டம்பரில் வர்ஜீனியா கெஜட்டில் வந்த விளம்பரம் ஒன்றைக் கொடுங்கள். சாண்டி என்பவர், வயது சுமார் 35, செருப்புத் தைப்பவர், இடதுகைக்காரர், குதிரை ஓட்டத் தெரிந்தவர். போகும்போது ஒரு வெள்ளைக் குதிரையையும் தன் தொழிற்கருவிகளையும் கொண்டுபோயிருக்கிறார். இவற்றைக் கொண்டு சாண்டியைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்த பிறகு விளம்பரம் கொடுத்தவர் பெயரைக் காட்டுங்கள்: தாமஸ் ஜெபர்சன். ஏழு ஆண்டு கழித்து சுதந்திரப் பிரகடனத்தை வரைந்தவர். அந்த வரைவில் அடிமை வணிகத்தைக் கண்டித்து ஒரு பத்தியும் எழுதியவர். அந்தப் பத்தியை மாகாணங்களின் பேரவை நீக்கிவிட்டது. சாண்டியை 1773-இல் ஜெபர்சன் விற்றுவிட்டார்.

ஓர் எச்சரிக்கை. மாணவர்களை அடிமையாகவும் எஜமானாகவும் நடிக்க வைக்காதீர்கள். கைதட்டல் கிடைக்கும், நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் சில பிள்ளைகளுக்கு அது வேறு எதையோ நினைவூட்டும்.

எழுதாதவர்களின் பக்கம்

பொகஹாண்டஸ் கதை எல்லாருக்கும் சினிமா வழியாகத் தெரியும். 1607 டிசம்பரில் பழங்குடித் தலைவர் பவ்ஹாட்டனின் ஆட்கள் ஜான் ஸ்மித்தைப் பிடித்தார்கள். தலையைப் பிளக்க இருந்த நேரத்தில் தலைவரின் மகள் குறுக்கே விழுந்து காப்பாற்றினாள் என்பது கதை. இதைச் சொன்னவர் ஸ்மித். 1608-இல் லண்டனில் அச்சான அவருடைய முதல் விவரணையில் சிறைப்பட்டது உண்டு, இந்தக் காப்பாற்றல் இல்லை. 1624-இல் அவர் எழுதிய பெரிய நூலில் விரிவாக இருக்கிறது. அந்தப் பெண் 1617-இலேயே இறந்துவிட்டார். கதை நடந்தது பொய் என்று 1867-இல் ஹென்றி ஆடம்ஸ் தாக்கினார். முதல் புத்தகம் ஸ்மித் அருகில் இல்லாதபோது வேறொருவர் வெட்டி அச்சிட்டது என்பார் இன்னொரு சாரார். அது கொலை முயற்சியே அல்ல, அந்நியனைத் தம்மவனாக ஏற்கும் சடங்கு, ஸ்மித்துக்குப் புரியவில்லை என்பார் வேறு சிலர். மூன்றையும் சொல்லிவிட்டு ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள்: அந்தப் பெண் கைப்பட எழுதிய ஒரு வரிகூட நம்மிடம் இல்லை.

எழுத்து கைவிடும் இடத்தில் மண் பேசும். ஜேம்ஸ்டவுன் குடியிருப்பில் 1609-10 குளிர்காலத்தில் பஞ்சம் வந்தபோது மனிதர்களை மனிதர்கள் தின்றார்கள் என்று ஜார்ஜ் பெர்சி என்பவர் எழுதிவைத்திருந்தார். மிகைப்படுத்துகிறார் என்று சந்தேகித்தவர்கள் இருந்தார்கள். 2012-இல் அதே கோட்டைக்குள் குப்பை நிரம்பிய ஒரு நிலவறையைத் தோண்டியபோது சுமார் 14 வயதுப் பெண்ணின் மண்டையோடு கிடைத்தது. அதில் வெட்டுத் தடங்கள். பெர்சி சொன்னது உண்மை. இதைச் சாப்பாட்டு மணிக்கு முந்தைய பாடவேளையில் நடத்தாதீர்கள்.

நம் ஊர் வழியாகவும் ஒரு கதவு

யார்க்டவுனில் 1781 அக்டோபர் 19 அன்று சரணடைந்த கார்ன்வாலிஸ் பிரபுவை நம் மாணவர்கள் வேறொரு பாடத்தில் ஏற்கெனவே சந்தித்திருக்கிறார்கள். 1786-இல் தலைமை ஆளுநராக இந்தியா வந்து, 1792-இல் திப்புவிடமிருந்து திண்டுக்கல்லையும் பாராமகாலையும் கம்பெனிக்கு வாங்கிக்கொடுத்தவர் அவரேதான். சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த எலைஹு யேல் கொடுத்த பொருள்களை விற்ற பணத்துக்காகத்தான் ஓர் அமெரிக்கக் கல்லூரி 1718-இல் அவர் பெயரைச் சூடிக்கொண்டது. 1782 ஏப்ரலில் டெலவேர் விரிகுடாவில் ஒரு பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்த பென்சில்வேனியாக் கப்பலின் பெயர் ஹைதர் அலி! காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கம்பெனிப் படையை 1780-இல் நொறுக்கியவரின் பெயரைத் தங்கள் கப்பலுக்கு ஏன் வைத்தார்கள் என்பது வீட்டுப்பாடத்துக்கு நல்ல கேள்வி.

மூலங்களுக்கு அலைய வேண்டாம். ஆடம்ஸ், ஜெபர்சன், வாஷிங்டன் கடிதங்களை அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகம் ஃபவுண்டர்ஸ் ஆன்லைன் என்ற தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ரெவியரின் படத்தை மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தின் தளத்திலும், காங்கிரஸ் நூலகத் தளத்திலும் பெரிதாக்கிப் பார்க்கலாம். பள்ளியில் இணையம் கிடைக்காத நாள் ஒன்று வரும். முதல் நாளே தாளில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண்

பிரெஸ்டன் குற்றவாளியா என்ற கேள்விக்கு ஆம், இல்லை இரண்டுக்கும் நான் மதிப்பெண் தருவதில்லை. எந்தச் சான்று, யார் எழுதியது, எப்போது, வேறு யார் அதை ஒத்துச் சொன்னார்கள் என்ற நான்குக்கும்தான் தருகிறேன். "படத்தில் இருக்கிறது" என்று மட்டும் எழுதியவருக்குப் பாதி. "படத்தில் இருக்கிறது, ஆனால் பாம்ஸ் வேறு சொல்கிறார்" என்று எழுதியவருக்கு முழுசு. கோட்டு நிற முரண்பாட்டைக் கண்டுபிடித்தவருக்கு என் பேனாவையே கொடுத்திருக்கிறேன்.

பிரெஸ்டன் 1770 அக்டோபர் இறுதியில் விடுதலையானார். எட்டுச் சிப்பாய்களில் ஆறு பேர் டிசம்பரில் விடுதலை. இருவருக்குக் கட்டைவிரலில் சூடு. அந்த இரவில் முதலில் "ஃபயர்" என்றது யார் என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை. விடைத்தாளில் ஒரு மாணவர் அதைக் காரணங்களோடு அப்படியே எழுதினால், பக்கத்து ஆசிரியர் என்ன சொன்னாலும் சரி, முழு மதிப்பெண் போடுங்கள்.